கடவுச்சொல்லுக்கு முன் வரும் திரை

"படத்தை மாத்திட்டேன், ஆனா கம்ப்யூட்டரைப் போட்டா பழைய படந்தான் வருது." லாகின் திரையைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த வரியோடுதான் வருவார்கள். விசாரித்தால், அவர்கள் மாற்றியது டெஸ்க்டாப்பின் படமாக இருக்கும், இல்லையென்றால் பூட்டுத் திரையாக இருக்கும். எனவே எதையும் தொடுவதற்கு முன், கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டு என்னென்ன வருகிறது என்று நிதானமாகப் பாருங்கள்.

முதலில் கறுப்புத் திரையில் நாலைந்து வரிகளில் ஒரு பட்டியல் வரலாம். எந்த இயங்குதளத்தில் தொடங்குவது என்று கேட்கும் அதன் பெயர் கிரப். அடுத்து சில நொடிகள் லினக்ஸ் மின்ட்டின் சின்னமோ உபுண்டுவின் சின்னமோ தெரியும். அதைக் காட்டுவது பிளைமவுத். மூன்றாவதாக உங்கள் பெயரும் கடவுச்சொல் பெட்டியும் வருகின்றனவே, அதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள். வேலைக்கு நடுவே டீ குடிக்க எழுந்துபோய்த் திரும்பும்போது கடவுச்சொல் கேட்பது பூட்டுத் திரை. பார்வைக்கு லாகின் திரையின் தம்பி மாதிரி இருந்தாலும் அதை வரைவது வேறு நிரல், அதை மாற்றும் இடமும் வேறு.

இந்த வேறுபாடு பெயரளவில் நின்றுவிடுவதில்லை. பூட்டுத் திரை உங்களுடையது. நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டீர்கள், கதவைச் சாத்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். லாகின் திரை வரும்போது உள்ளே யாருமே இல்லை. அப்படியானால் அந்தத் திரையை வரைவது யார்? லினக்ஸில் எந்த நிரலும் யாரோ ஒரு பயனரின் பெயரில்தான் ஓட முடியும். அதனால் இந்தத் திரைக்கென்றே ஒரு தனிப் பயனர் இருக்கிறார். லினக்ஸ் மின்ட்டில் அவர் பெயர் லைட்டிஎம். அவருக்கு உங்கள் கோப்புகளும் தெரியாது, உங்கள் டெஸ்க்டாப்பில் நீங்கள் செய்துவைத்த அமைப்புகளும் தெரியாது. இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் படம் வராததற்கும், எழுத்துரு மாறாததற்கும், தமிழ் விசைப்பலகை தொல்லை கொடுப்பதற்கும் காரணம் தானாகவே விளங்கிவிடும்.

லாகின் திரையை நடத்தும் நிரலுக்கு டிஸ்ப்ளே மேனேஜர் என்று பெயர். இந்த வகையில் மூத்தது எக்ஸ்டிஎம். கீத் பேக்கர்ட் எழுதியது, 1988 அக்டோபரில் எக்ஸ்11-இன் மூன்றாம் வெளியீட்டோடு வந்தது. பிறகு க்னோம் டெஸ்க்டாப்புக்கு ஜிடிஎம், கேடிஇ-க்கு கேடிஎம், அதன் இடத்துக்கு எஸ்டிடிஎம் என்று ஆளுக்கொன்று வந்தன. உபுண்டு 2011 அக்டோபரில் வந்த 11.10 பதிப்பில் லைட்டிஎம்முக்கு மாறி, 17.10-இல் ஜிடிஎம்முக்கே திரும்பிவிட்டது. லினக்ஸ் மின்ட் 2017-இல் 18.2 பதிப்பில் லைட்டிஎம்மை எடுத்துக்கொண்டது, இன்றுவரை விடவில்லை. நான் மின்ட்டை வைத்தே விளக்கப்போகிறேன். வீட்டிலும் ஊர்ப் படிப்பகத்திலும் பழைய கணினிகளுக்கு நான் போட்டுக்கொடுப்பது அதுதான். மவுஸைக் கொண்டே பெரும்பாலான வேலையை அதில் முடித்துவிடலாம் என்பதும் ஒரு காரணம்.

லைட்டிஎம்முக்குள் இன்னொரு பிரிவு உண்டு. கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது, அமர்வைத் தொடங்கிவைப்பது எல்லாம் லைட்டிஎம்மின் வேலை. கண்ணுக்குத் தெரியும் முகத்தை வரைவது கிரீட்டர் என்ற தனி நிரல். மின்ட்டில் இருப்பது ஸ்லிக் கிரீட்டர், உபுண்டுவின் பழைய யூனிட்டி கிரீட்டரிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்தது. சுபுண்டுவில் இருப்பது ஜிடிகே கிரீட்டர். அதற்கென்று தனி அமைப்புச் சாளரம் உண்டு, இங்கே சொல்லும் கருத்துகள் அதற்கும் பொருந்தும்.

உங்கள் கணினியில் எந்த மேனேஜர் ஓடுகிறது என்று தெரியாவிட்டால் டெர்மினலைத் திறந்து சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் டிஸ்ப்ளே-மேனேஜர் என்ற கட்டளையைக் கொடுங்கள். முதல் வரியிலேயே பெயர் வந்துவிடும். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இந்த நூலில் ஒலிக்கிறபடி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அதைத் தனியாகச் சொல்லிவிடுவேன்.

திரும்பி வரும் வழி

லாகின் திரையைக் கெடுத்துக்கொண்டால் உள்ளே போகவே முடியாது என்ற பயம் பலருக்கு இருக்கிறது. நியாயமான பயம். அதனால் மாற்றுவதற்கு முன்பே திரும்பி வரும் வழியில் ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்க்க வேண்டியிருக்கும். படங்கள் எல்லாம் மறைந்து கறுப்புத் திரையில் ஒரு வரி மட்டும் நிற்கும். பயப்பட வேண்டாம், உங்கள் டெஸ்க்டாப் பின்னால் அப்படியே இருக்கிறது. பயனர் பெயரைத் தட்டி என்டர், கடவுச்சொல்லைத் தட்டி என்டர். கடவுச்சொல் தட்டும்போது புள்ளிகூட விழாது. விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று நினைத்துப் பலரும் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். தட்டிக்கொண்டே போங்கள், உள்ளே போய்விடுவீர்கள். எக்ஸிட் என்று தட்டி வெளியே வந்து, கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7 அழுத்தினால் மறுபடி உங்கள் டெஸ்க்டாப். படம் வராவிட்டாலும் இந்தக் கறுப்புத் திரை வழியாக உள்ளே போய் எதையும் சரிசெய்யலாம் என்பது உங்கள் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். படித்து மட்டும் வைத்தால் அவசரத்துக்கு உதவாது.

இரண்டாவது ஏற்பாடு டைம்ஷிஃப்ட். மின்ட்டோடு வரும் இந்த நிரலில் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது கணினியின் இப்போதைய நிலையின் நகல், எடுத்துவையுங்கள். நாம் தொடப்போகிற கோப்புகள் எல்லாமே கணினியின் பொதுக் கோப்புகள், டைம்ஷிஃப்ட் காப்பது அவற்றைத்தான்.

படம்

மெனுவைத் திறந்து லாகின் விண்டோ என்று தேடினால் ஒரு சாளரம் வரும், அது நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். டெஸ்க்டாப் படத்தை மாற்ற யாரும் கடவுச்சொல் கேட்பதில்லையே என்று தோன்றலாம். லாகின் திரை கணினிக்குப் பொதுவானது, வீட்டில் எல்லோரும் பார்ப்பது, அதனால் நிர்வாகிதான் மாற்ற முடியும்.

முதல் பக்கத்தில் பேக்கிரவுண்ட் என்ற இடத்தில் படத்தைக் கொடுக்க வேண்டும். பெரும்பாலோர் நேராகத் தங்கள் பிக்சர்ஸ் ஃபோல்டரிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். சாளரமும் வாங்கிக்கொள்ளும். வெளியே வந்து பார்த்தால் படம் இருக்காது, ஒற்றை நிறம்தான் இருக்கும். காரணம் முன்பே சொன்னதுதான். பிக்சர்ஸ் ஃபோல்டர் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கிறது. லைட்டிஎம் என்ற பயனரால் அதற்குள் எட்டிப் பார்க்க முடியாது. முன்பெல்லாம் ஹோம் ஃபோல்டரை மற்ற பயனர்களும் படிக்கும்படி திறந்துவைத்திருந்தார்கள், அதனால் இதே வேலையைச் செய்தால் படம் வந்தது. உபுண்டு 21.04 முதல் புதிய பயனரின் ஹோம் ஃபோல்டர் மற்றவர்களுக்கு அடைத்தே உருவாகிறது. பழைய குறிப்புகளை வைத்துச் செய்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். படம் தெரியவேண்டும் என்பதற்காக ஹோம் ஃபோல்டரை எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு படத்துக்காக வங்கி ரசீது முதல் குடும்பப் படங்கள் வரை எல்லாவற்றையும் அந்தக் கணினியின் மற்ற பயனர்களுக்குத் திறந்து வைப்பது எந்த வகையிலும் தகாது.

சரியான வழி, படத்தைப் பொது இடத்துக்குக் கொண்டுபோவது. கோப்பு மேலாளரில் ஃபைல் சிஸ்டம், அதற்குள் யுஎஸ்ஆர், அதற்குள் ஷேர், அதற்குள் பேக்கிரவுண்ட்ஸ் என்று போங்கள். காலி இடத்தில் வலது கிளிக் செய்தால் ஓப்பன் ஆஸ் ரூட் என்று இருக்கும். அதை அழுத்திக் கடவுச்சொல் கொடுத்தால் அதே ஃபோல்டர் நிர்வாகி உரிமையோடு இன்னொரு சாளரத்தில் திறக்கும். படத்தை அதில் ஒட்டுங்கள். பிறகு படத்தின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் பெர்மிஷன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். அதர்ஸ் என்ற வரிசையில் ரீட் ஒன்லி என்று இருக்க வேண்டும். நன் என்று இருந்தால் படம் பொது இடத்தில் இருந்தும் லைட்டிஎம்மால் படிக்க முடியாது. முடிந்ததும் அந்த நிர்வாகிச் சாளரத்தை உடனே மூடிவிடுங்கள். அதில் தவறி ஒரு கோப்பை அழித்தால் கணினி ஏன் என்று கேட்காது.

இப்போது லாகின் விண்டோவில் இந்தப் புதிய இடத்திலிருந்து படத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்குக் கீழேயே டிரா யூசர் பேக்கிரவுண்ட்ஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது இயங்கிக்கொண்டிருந்தால், பட்டியலில் எந்தப் பயனரின் பெயர் தேர்வாகிறதோ அவருடைய டெஸ்க்டாப் படத்தை லாகின் திரை காட்டப் பார்க்கும். நீங்கள் வைத்த பொதுப் படம் ஒரு கணம் மின்னி மறைந்துவிடும். எல்லோருக்கும் ஒரே படம் வேண்டுமென்றால் இதை அணைத்துவிடுங்கள். ஹோம் ஃபோல்டரைக் குறியாக்கம் செய்து வைத்திருப்பவர்களுக்கு இந்த சுவிட்சால் பயனே இல்லை, உள்ளே நுழையும்வரை அவர்களுடைய படம் பூட்டியே இருக்கும். டிரா எ கிரிட் என்ற இன்னொரு சுவிட்ச் படத்தின் மேல் புள்ளிக் கட்டத்தைப் போடும். எனக்கு அது பிடிப்பதில்லை.

பார்ப்பதற்குக் கணினியை அணைத்துப் போட வேண்டியதில்லை. லாக் அவுட்கூட வேண்டாம். வெளியேறும் பட்டியலில் ஸ்விட்ச் யூசர் என்று இருக்கிறது. அதை அழுத்தினால் புது லாகின் திரை வரும், நீங்கள் திறந்து வைத்திருக்கும் வேலைகள் பின்னால் அப்படியே காத்திருக்கும். பார்த்துவிட்டு உங்கள் கடவுச்சொல்லைக் கொடுத்தால் விட்ட இடத்துக்கே திரும்பலாம். ஒரு மாற்றம், ஒரு பார்வை என்று போங்கள். ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டுப் பார்த்தால் எது கெடுத்தது என்று தெரியாது.

எந்தப் படம் என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். எங்கள் படிப்பகத்துக்கு வரும் ஒரு மாணவன் ஊர் ஏரியை விடியற்காலையில் எடுத்த படம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அழகான படம். தண்ணீர் முழுக்க வெள்ளி பூசினது போல இருக்கும். வைத்துப் பார்த்தால் மற்ற பயனர்களின் பெயர்கள் ஒன்றும் தெரியவில்லை. ஸ்லிக் கிரீட்டர் பெயர்ப் பட்டியலைத் திரையின் இடப்பக்கம் வைக்கிறது. தேர்வான பெயருக்கு மட்டும்தான் பின்னால் ஒரு கருநிழல் பெட்டி. மற்றப் பெயர்கள் வெள்ளை எழுத்தில் நேரே படத்தின் மேல் நிற்கும். வெளிச்சமான தண்ணீரில் அவை கரைந்துபோயின. அவனிடமே சொன்னேன். அதே இடத்தில் மாலையில் நின்று, பனைமரங்கள் இடப்பக்கம் கருப்பாக விழும்படி இன்னொரு படம் எடுத்து வந்தான். இன்றும் படிப்பகத்தின் மூன்று கணினிகளிலும் அந்தப் படந்தான். இடப்பக்கம் இருட்டாகவும் சலனமில்லாமலும் இருக்கும் படமே லாகின் திரைக்கு ஏற்றது. அளவு திரையின் அளவே போதும். 1920க்கு 1080 திரைக்குக் கேமராவிலிருந்து வந்த 6000 புள்ளி அகலப் படத்தை வைத்தால் பழைய கணினி அதைத் திறக்கத் திணறும்.

தமிழில்

இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். லினக்ஸில் பயனர் பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் லாகின் திரையில் தெரிவது பயனர் பெயரல்ல, முழுப்பெயர். முழுப்பெயரைத் தமிழிலேயே எழுதலாம். யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் சாளரத்தைத் திறந்து, பயனரைத் தேர்ந்தெடுத்து, பெயர் என்ற இடத்தில் கிளிக் செய்து தட்டினால் முடிந்தது. என் அம்மாவின் கணினியில் அவர் பெயரைத் தமிழில் வைத்த அன்று, திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என் பேரை எழுதியிருக்கு பாரு" என்றார். அதற்கு முன் ஆங்கிலத்தில் இருந்ததும் அவர் பெயர்தான். ஆனால் அவரால் வாசிக்க முடிந்தது அன்றைக்குத்தான்.

பெயர் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் இரண்டும் மென்பொருள் மேலாளரிலேயே கிடைக்கும். எங்கிருந்தோ இறக்கிய எழுத்துருவைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்துருவை இரண்டு முறை கிளிக் செய்து நிறுவினால் அது உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். டெஸ்க்டாப்பில் அழகாகத் தெரியும், லாகின் திரையில் தெரியாது. படத்துக்கு நேர்ந்த அதே கதை. ஓப்பன் ஆஸ் ரூட் வழியாக யுஎஸ்ஆர், லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் அதைப் போட்டால்தான் எல்லோருக்கும் கிடைக்கும்.

லாகின் திரையின் சொற்களையும் தமிழாக்கலாம். லாங்குவேஜஸ் சாளரத்தில் தமிழைச் சேர்த்து, அப்ளை சிஸ்டம்-வைட் என்ற பொத்தானை அழுத்த வேண்டும். இந்தப் பொத்தானை அழுத்தாமல் விட்டால் உங்கள் டெஸ்க்டாப் மட்டும் தமிழாகும். மொழிபெயர்ப்பு இல்லாத சில வரிகள் ஆங்கிலத்திலேயே நிற்கும். ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: இதைச் செய்தால் கணினியின் பொதுமொழியே தமிழாகிவிடும், பிழைச் செய்திகள்கூடத் தமிழில் வரலாம். ஆங்கிலப் பிழைச் செய்தியைத் தேடித் தீர்வு காணும் பழக்கமுள்ளவர்களுக்கு அது சங்கடம். தமிழில் வாசிப்பவர்களே புழங்கும் கணினியில் தயங்காமல் செய்யுங்கள்.

கடிகாரத்துக்கும் ஒரு சின்ன வேலை இருக்கிறது. செட்டிங்ஸ் பக்கத்தில் கிளாக் ஃபார்மேட் என்ற பெட்டியில் மணிக்கும் நிமிடத்துக்குமான குறிகள் இருக்கும். அவற்றுக்கு முன்னால் விழுக்காட்டுக் குறியையும் ஆங்கிலப் பெரிய ஏ எழுத்தையும் ஒட்டி எழுதி ஓர் இடைவெளி விட்டால் கிழமையும் சேர்ந்து வரும். கணினியின் மொழி தமிழென்றால் மூலையில் வெள்ளி என்றோ சனி என்றோ தமிழிலேயே தெரியும்.

இனி விசைப்பலகை. இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். படிப்பகத்துக் கணினிகளில் தமிழ்99 விசைப்பலகையை எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாகப் போட்டேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் வழியே வந்த அமைப்பு அது. லினக்ஸில் விசைப்பலகைப் பட்டியலிலேயே இருக்கிறது. பிள்ளைகள் தமிழில் தட்டப் பழகட்டும் என்று வரிசையில் தமிழை முதலாவதாகவும் ஆங்கிலத்தை இரண்டாவதாகவும் வைத்துவிட்டேன். அதற்கு ஒரு வாரம் முன்பு, லாகின் திரையின் மேல்பட்டை துப்புரவாக இருக்கட்டும் என்று கீபோர்டு குறியீட்டையும் அணைத்திருந்தேன். மறுநாள் காலை படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா போன் செய்தார்.

"தம்பி, மூணு மிஷினும் பாஸ்வேர்டு தப்பு தப்புன்னு சொல்லுது. நான் சரியாத்தான் போடுறேன்."

அவர் சரியாகத்தான் போட்டிருக்கிறார். ஆங்கில எழுத்துகள் விழ வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்துகள் விழுந்திருக்கின்றன. திரையில் தெரிவது புள்ளிகள்தான். எந்த மொழியில் விழுந்தாலும் புள்ளி புள்ளிதான். குறியீட்டையும் மறைத்துவிட்டதால் எந்த விசைப்பலகை ஓடுகிறது என்று பார்க்கவும் வழியில்லை. நல்லவேளை, ஒரு விசைப்பலகையிலிருந்து மற்றதற்குத் தாவும் மாற்றுவிசையை மட்டும் பொதுவாக வைத்திருந்தேன்.

"அக்கா, ஆல்ட்டையும் ஷிஃப்டையும் சேர்த்து ஒரே ஒரு தடவை அமுக்கிட்டு, அப்புறம் போட்டுப் பாருங்க."

"ஆங், வந்துருச்சு தம்பி."

அன்றிலிருந்து மூன்று விதிகளை விடாமல் பின்பற்றுகிறேன். பொது விசைப்பலகை வரிசையில் ஆங்கிலம்தான் முதலில். செட்டிங்ஸ் பக்கத்தில் கீபோர்டு லேஅவுட் குறியீடு எப்போதும் தெரிய வேண்டும். மாற்றுவிசை ஒன்று பொதுவாக இருக்க வேண்டும், அது இன்னதென்று அங்கே வேலை செய்பவர்களுக்கு வாயால் சொல்லியிருக்க வேண்டும். பொதுவான வரிசை இருக்கும் இடம் இடிசி ஃபோல்டருக்குள் டிஃபால்ட், அதற்குள் கீபோர்டு என்ற கோப்பு. டெஸ்க்டாப்பின் கீபோர்டு சாளரத்தில் நீங்கள் செய்யும் மாற்றம் உங்களுக்கு மட்டும்தான். ஐபஸ் வழியாகத் தமிழ் தட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை வராது, ஐபஸ் நீங்கள் உள்ளே வந்த பிறகே தொடங்குகிறது.

யார் பெயர் தெரியலாம்

லாகின் விண்டோவின் யூசர்ஸ் பக்கத்தில் நாலைந்து சுவிட்சுகள்தான், ஆனால் அழகைவிட முக்கியமானவை. வீட்டில் பெயர்ப் பட்டியல் தெரிவதுதான் வசதி. பலர் வந்து போகிற அலுவலகத்தில் ஹைட் தி யூசர் லிஸ்ட் என்பதைப் போட்டு, கையால் பெயர் தட்டும் மேனுவல் லாகினையும் சேர்த்துப் போடுங்கள். பட்டியலை மறைத்துவிட்டு மேனுவல் லாகினை மறந்தால் உள்ளே போக வழி தேட வேண்டியிருக்கும். அப்போது பயனர் பெயரைத் துல்லியமாகத் தட்ட வேண்டும் என்பதையும், தமிழில் வைத்த முழுப்பெயர் அங்கே உதவாது என்பதையும் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

கடவுச்சொல்லே கேட்காமல் நேராக உள்ளே போகும் ஆட்டோமேட்டிக் லாகினைப் பலர் கேட்கிறார்கள். வீட்டை விட்டு வெளியே போகாத மேசைக் கணினிக்குச் சரி. மடிக்கணினிக்கு வேண்டாம், பேருந்தில் தவறவிட்டால் எடுத்தவர் நேராக உங்கள் மின்னஞ்சலுக்குள் போவார். இன்னொன்று, அப்படி உள்ளே போனபின் குரோமைத் திறந்ததும் கீரிங்குக்குக் கடவுச்சொல் கேட்டு ஒரு பெட்டி வரும். சேமித்த கடவுச்சொற்களின் பெட்டகம் அது. வழக்கமாக லாகின் கடவுச்சொல்தான் அதையும் சேர்த்துத் திறந்துவிடும். லாகினில் நீங்கள் எதையும் தட்டாததால் அது பூட்டியே இருக்கிறது. இது கோளாறில்லை.

கெஸ்ட் செஷன் படிப்பகம் போன்ற இடங்களுக்கு உதவும். வருபவர் வேலை பார்த்துவிட்டு வெளியேறியதும் அவர் செய்தது அத்தனையும் அழிந்துவிடும். அத்தனையும் என்றால் அரை மணி நேரம் தட்டிய விண்ணப்பக் கடிதமும்தான். பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போகச் சொல்லி மேசையில் ஓர் அட்டை ஒட்டுங்கள். கணினியில் மற்ற பயனர்களும் இருந்தால் அவர்களுடைய ஹோம் ஃபோல்டர்கள் அடைத்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு இதைத் திறந்துவிடுங்கள்.

நம்லாக் சுவிட்ச் சாம்பல் நிறத்தில் அழுத்த முடியாமல் இருந்தால் நம்லாக்எக்ஸ் என்ற சிறு நிரலை நிறுவுங்கள். இரண்டு திரை இருப்பவர்களுக்குப் பெயர்ப்பெட்டி எந்தத் திரையில் வரவேண்டும் என்பதையும் செட்டிங்ஸ் பக்கத்திலேயே சொல்லலாம்.

மற்ற டெஸ்க்டாப்புகளில்

கேடிஇ-யில் எஸ்டிடிஎம் இருந்தால் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் லாகின் ஸ்கிரீன் பக்கத்துக்குப் போங்கள். படம் மாற்றுவது நேரடியானது. அங்கே அப்ளை பிளாஸ்மா செட்டிங்ஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. உங்கள் நிறம், எழுத்துரு, சுட்டி எல்லாவற்றையும் லாகின் திரைக்கு நகலெடுத்துத் தரும். எஸ்டிடிஎம்மும் தனிப் பயனராகவே ஓடுவதால்தான் இப்படி ஒரு நகலெடுக்கும் பொத்தான் தேவைப்பட்டிருக்கிறது.

அந்தப் பக்கத்திலிருந்தே புதுப்புதுத் தீம்களை இறக்கலாம். இங்கே கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். எஸ்டிடிஎம் தீம் என்பது படமும் நிறமும் மட்டும் அடங்கிய பொட்டலமல்ல, கியூஎம்எல் மொழியில் எழுதிய நிரல். உங்கள் கடவுச்சொல்லை வாங்கும் பெட்டியே அந்த நிரலுக்குள்தான் இருக்கிறது. 2024 மார்ச்சில் கேடிஇ-யின் கடையிலிருந்து ஒருவர் நிறுவிய குளோபல் தீம் ஒன்று அவருடைய கோப்புகளையே அழித்துவிட்டது. அது லாகின் தீம் அல்ல, டெஸ்க்டாப் தீம். எழுதியவருக்குக் கெட்ட நோக்கம் இருந்ததாகவும் தெரியவில்லை, எழுதியதில் நேர்ந்த பிழை. ஆனாலும் முகம் தெரியாத ஒருவரின் நிரலை நம்பி ஓடவிடுகிறோம் என்பது லாகின் தீமுக்கும் அப்படியே பொருந்தும். உங்கள் விநியோகத்தின் மென்பொருள் மேலாளரிலேயே வரும் தீம்கள் போதும் என்பது என் கருத்து.

க்னோமின் ஜிடிஎம்மில் படம் மாற்றுவதுதான் கடினம். படமும் நிறமும் தொகுத்த தீம் கோப்புக்குள் புதைந்திருக்கின்றன. கையால் மாற்றினாலும் அடுத்த புதுப்பிப்பு அதை அழித்துவிடலாம். ஃபிளாட்ஹப்பில் ஜிடிஎம் செட்டிங்ஸ் என்ற நிரல் கிடைக்கிறது, அது வழியாகச் செய்வது நல்லது. சின்னம் வைப்பதும், பெயர்களுக்கு மேலே ஒரு வரி அறிவிப்பு வைப்பதும் ஜிடிஎம்மே தரும் வசதிகள். பள்ளி ஆய்வகத்துக்கு அந்த அறிவிப்பு வரி நன்றாக உதவும்.

உள்ளே போக முடியாவிட்டால்

லாகின் திரையே வராமல் கறுப்பாக நின்றால் பழகிவைத்த வழியில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி உள்ளே போங்கள். தோற்றம் பற்றி நீங்கள் மாற்றிய அனைத்தும் இடிசி, லைட்டிஎம் ஃபோல்டரில் ஸ்லிக்-கிரீட்டர் புள்ளி கான்ஃப் என்ற ஒரே கோப்பில்தான் இருக்கிறது. சூடோ எம்வி கட்டளையால் அதன் பெயரை மாற்றிவிட்டால் போதும், கிரீட்டர் தன் பழைய முகத்தோடு வரும். யூசர்ஸ் பக்கத்து மாற்றங்கள் அதே ஃபோல்டரில் லைட்டிஎம் புள்ளி கான்ஃப் கோப்பில் இருக்கின்றன. பிறகு சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் லைட்டிஎம். இந்தக் கடைசிக் கட்டளை, திறந்திருக்கும் எல்லா டெஸ்க்டாப் அமர்வுகளையும் மூடிவிடும். சேமிக்காத வேலை போய்விடும் என்பதால் நன்றாக இருக்கும்போது விளையாட்டுக்குக்கூட இதைத் தட்டாதீர்கள்.

இன்னொரு வகைத் தொல்லை உண்டு. கடவுச்சொல் சரி, திரை ஒரு கணம் கறுப்பாகிறது, மறுபடி லாகின் திரைக்கே வந்து நிற்கிறது. எத்தனை முறை போட்டாலும் இதேதான். கடவுச்சொல் தவறென்றால் தவறென்று சொல்லும். இங்கே அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் அடையாளம். லாகின் திரையைத் தோண்டி நேரம் கழிக்காதீர்கள், கோளாறு அங்கே இல்லை. கறுப்புத் திரையில் போய் முதலில் டிஎஃப், இடைவெளி, சிறுகோடு, எச் என்று தட்டுங்கள். உங்கள் வட்டு நூறு விழுக்காடு நிரம்பியிருந்தால் டெஸ்க்டாப்பால் ஒரு சிறு கோப்பைக்கூட எழுத முடியாது, அதனால் வெளியே தள்ளுகிறது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை அழித்தாலே வழி கிடைத்துவிடும்.

இடம் இருந்தால் அடுத்த சந்தேகம், ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஒரு கோப்பு. அதன் பெயர் புள்ளியில் தொடங்கும், பிறகு எக்ஸ்அத்தாரிட்டி, எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து. எப்போதோ ஒரு வரைகலை நிரலைச் சூடோ போட்டுத் திறந்திருந்தால் இந்தக் கோப்பு ரூட்டின் உடைமையாக மாறியிருக்கலாம். பிறகு உங்கள் டெஸ்க்டாப்பே அதைத் திறக்க முடியாமல் திரும்பிவிடுகிறது. எல்எஸ், இடைவெளி, சிறுகோடு, எல்ஏ என்று தட்டிப் பாருங்கள். அந்தக் கோப்பின் வரியில் உங்கள் பெயருக்குப் பதில் ரூட் என்று இருந்தால் ஆர்எம் கட்டளையால் அதை அழித்துவிடலாம். ஃபோல்டர் உங்களுடையது என்பதால் உறுதி கேட்டுவிட்டு அழிக்க விடும். அடுத்த முறை உள்ளே போகும்போது கணினி புதிதாக ஒன்றை உங்கள் பெயரிலேயே எழுதிக்கொள்ளும். அழித்த பிறகு எக்ஸிட் தட்டி, கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7 அழுத்தி, கடவுச்சொல்லைப் போடுங்கள்.